முடியாத தவக்காலம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த கிரிகரி, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹாம் வரை ரயில் என்ஜின் ஓட்டுகிறவர். நாற்பத்து நான்கு வயது. பத்து வருஷம் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டு, அதன் பிறகுதான் டிரைவரானார். கை முட்டிகளிலும் குதிகாலுக்கு மேலும் மஞ்சளாகச் சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். உழைத்த காய்ப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய அண்ணனுக்கும் அப்படி இருந்தது. அந்த அண்ணன் நாற்பத்திரண்டு வயதில், கோயிலுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துபோனார்.

ஒரு வருஷமாகக் கிரிகரிக்கு நெஞ்சில் ஒரு தொந்தரவு. ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும், யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றி அமுக்குவது போலிருக்கும். கீழே நிற்கும் வண்டிகளை வேடிக்கை பார்ப்பவர் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வலி போனதும் ஏறுவார். யாரிடமும் சொல்லவில்லை.

1936-இல் தவக்காலம் வந்தது. அந்த நாற்பது நாளும் வீட்டில் இறைச்சியும் முட்டையும் கிடையாது. மற்ற நாளில், என்ஜின் ஓட்டுகிறவருக்குத் தெம்பு வேண்டும் என்று மனைவி ஜோசஃபின் ஆட்டு மூளையும் முட்டையும் நெய்யுமாகப் போடுவாள். தவக்காலம் முடியும் சமயம் ஒருநாள் மேம்பாலத்தில் நிற்காமல் ஏறிவிட்டதைக் கிரிகரி மறுபக்கம் இறங்கிய பிறகுதான் கவனித்தார். ஈஸ்டர் வந்தது, ஆட்டுக்கறி வந்தது. மூன்றாவது வாரம் அந்த முழங்கால் மறுபடி நெஞ்சில் ஏறியது.

அதன் பிறகுதான் கிரிகரி டாக்டரிடம் போனார். டாக்டர் சபாபதி அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது காய்ப்பு இல்ல கிரிகரி, கொழுப்பு. ரத்தத்துல கொலஸ்டரால்னு ஒண்ணு இருக்கு. முயலுக்கு முட்டைக் கருவாக் குடுத்துப் பாத்தாங்க, ரத்தக் குழாய் உள்ள தடிச்சுப்போச்சு. மனுஷனுக்கும் அப்படித்தானான்னு இன்னும் அடிச்சுக்கிட்டிருக்காங்க. ஆனா உங்க கையையும் உங்க அண்ணன் செத்ததையும் வச்சுப் பாத்தா, முட்டை, மூளை, நெய், கொழுப்புக் கறி எல்லாத்தையும் விட்டுடுங்கன்னுதான் சொல்வேன்.”

“என்ஜின் ஓட்டலாமா டாக்டர்?”

“அத என்கிட்ட கேக்காதீங்க. கேட்டா நான் உண்மையச் சொல்லணும்.”

கிரிகரி மறுபடி கேட்கவில்லை. ரயில்வேக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். ஜோசஃபினிடமும் சொல்ல முடியாது. அவளுடைய தம்பி வாலண்டைன் என்ஜின் ஷெட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. தம்பியிடம் எதையும் மறைக்க அவளால் முடியாது. ஆகவே ஈஸ்டர் முடிந்த பிறகும் கிரிகரி மறுபடி தவக்காலம் இருக்கத் தொடங்கினார். சோறு, கீரை, பருப்பு, கொஞ்சம் மீன். கறித் தட்டை நகர்த்திவிடுவார்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த ஜோசஃபின், ஒரு மத்தியானம் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, இது பாவசங்கீர்த்தனத்துல சாமியார் குடுத்த அபராதமா? கிள்ளான்ல யாரு அவ?”

கிரிகரிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. இல்லை என்றால் வேறு காரணம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த மௌனத்தையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு மாதம் அவள் தட்டை வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். பக்கத்து வீட்டு இராஜம்மாகூட அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினாள். செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு தினமும் காலையில் என்ஜின் ஏறினார்.

வலி குறைந்துதான் வந்தது. ஆனால் போய்விடவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், பத்து தீகா ஸ்டேஷன் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் அது பிடித்தது. இந்த முறை இடது கையும் மரத்துப்போனது. எப்படியோ பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்தினார். அவரைவிட மூத்தவரான ஃபயர்மேன் இராமலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

“சிக்னல் விழுந்து வழி குடுத்துருச்சே, டிரைவர். ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

“பிரேக்கு ஒரு மாதிரியா இருக்கு. பொறுங்க.”

பின்னால் ஒரு பெட்டியிலிருந்து குழந்தை ஒன்று அழும் சத்தம் கேட்டது. நாலு நிமிஷம். இராமலிங்கம் டிரைவரின் நெற்றி வேர்வையைப் பார்த்தார், குனிந்து கரியை அள்ளிப் போட்டார். வண்டி கிளம்பியது.

அன்று வீட்டுக்கு வந்ததும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கிரிகரி எல்லாவற்றையும் ஜோசஃபினிடம் சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதுக்கு அந்தக் கிள்ளான்காரியே இருந்திருக்கலாமே,” என்று சொல்லி அழுதாள். அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க,” என்றாள்.

“வீடு போயிடும், ஜோசஃபின்.”

“வண்டில பிள்ளைங்க ஏறுதுங்க.”

மறுநாள் அவர் போய்ச் சொன்னார். சூப்பரிண்டெண்ட் துரை கெட்டவர் இல்லை. வீட்டுக்கு அனுப்பாமல், பாதிச் சம்பளத்தில் விளக்கும் எண்ணெயும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில் போட்டார். டிரைவருக்கான குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு சீனன் காப்பிக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. ஸ்டோரில் ஜன்னல் இல்லை. ஒவ்வொரு வண்டியும் கிளம்பும்போது, அதை யார் ஓட்டுகிறார்கள் என்று ஊதலை வைத்தே கிரிகரிக்குத் தெரியும். கோயில் வரைக்கும் நடக்கலாம், பாசார் வரைக்கும் முடியாது. அவருடைய நடமாட்டம் அவ்வளவுக்குள் அடங்கிவிட்டது.

கிறிஸ்மஸுக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தார். அவருக்கு வைத்த அதே பருப்பும் கீரையும் சுட்ட மீனும்தான் ஜோசஃபின் தட்டிலும், மகள் சூசன் தட்டிலும் இருந்தன.

“பண்டிகை அதுவுமா நீங்க எதுக்கு இதத் தின்னுறீங்க? உங்களுக்கு என்ன கேடு?”

“ஒரு அடுப்புதான் இருக்கு. ரெண்டு சமையல் யாரு செய்யிறது?” என்றாள் ஜோசஃபின். அது உண்மையில்லை என்று அவருக்குத் தெரியும்.

சூசன் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தாள். முன்பக்கம் காப்பிக் கடையில் பன்றிக்கறி வறுக்கும் வாசனை அறை முழுவதும் வந்தது. கிரிகரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வாசனை நிற்கவில்லை, புழுக்கம்தான் கூடியது. திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.