குழாயில் விழுந்த நாற்பத்தேழு

அவருடைய அட்டையில் 'உதவியாளர்' என்று போட்டிருந்தது. கழுத்தில் தொங்கும் பச்சை அட்டை. புகைப்படத்தில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர்போல முழிப்பார். உதவியாளர் என்றால் கூட்டலாம், தூக்கலாம், அடுத்தவர் வேலை செய்யும்போது பிடித்துக்கொண்டு நிற்கலாம். வெல்டிங் மட்டும் அடிக்கக்கூடாது, அது சட்டம். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருடமாக, காலை ஏழு மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்தால் மாலை வரை அவர் வெல்டிங்கைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. அதனால் நாமாவது அவரை வெல்டர் என்று கூப்பிடுவோம்.

பட்டறை வாசலில் ஒரு பலகை உண்டு. 'வெல்டர்கள் உடனடியாகத் தேவை' என்று எழுதியிருக்கும். மழையிலும் வெயிலிலும் கிடந்து, அந்த 'உடனடியாக' பாதி அழிந்தே போய்விட்டது. நாடு முழுக்க வெல்டர் பஞ்சம் என்று செய்தியில் சொல்கிறார்கள், மந்திரி கவலைப்படுகிறார், முதலாளிகள் கையைப் பிசைகிறார்கள். நம் வெல்டரோ தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகிறார். வெல்டர் அட்டையில் ஆளை எடுத்தால் அதற்கேற்ற சம்பளம் தர வேண்டும், ஒழுங்கான அறை தர வேண்டும், பெண்டாட்டி பிள்ளையை அழைத்துக்கொள்ள விட வேண்டும். உதவியாளருக்கு ஆறு பேர் படுக்கிற அறையில் ஒரு மேல்கட்டில் போதும். பஞ்சம் எதில் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

சொந்த ஊரில் அவர் கப்பல் கட்டும் தளத்தில் பதினொரு வருடம் இருந்தவர். அங்கே வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு ஜாயின்ட்டை முடித்ததும், அதன் ஓரத்தில் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டு, தன் எண்ணைப் பதிக்க வேண்டும். நாளைக்கு அந்த இடம் விட்டுப்போனால் யார் கை என்று தெரிய வேண்டாமா? மூன்று தடவை பரீட்சையில் கோட்டைவிட்டு நாலாவது தடவை தேறியபோது அவருக்குக் கிடைத்த எண் நாற்பத்தேழு. அன்று அவர் வீட்டுக்கு வந்து சொன்ன முதல் சேதி அதுதான். அவர் மனைவி அதையே பிடித்துக்கொண்டார். "ஏங்க நாப்பத்தேழு, சாப்பிட வர்றீங்களா இல்லையா?" என்பார். கோபம் வந்தால் மட்டும் எண் போய்விடும், வெறும் "ஏங்க" என்று வரும். அப்போதுதான் அவர் பயப்படுவார்.

இங்கே அவருக்கு எண் கிடையாது. உதவியாளருக்கு ஏது எண்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஃபோர்மேன், பன்னிரண்டாம் எண்ணைக் காட்டினார். பன்னிரண்டு என்பது இவர் வருவதற்கு முன்பே வேலையை விட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்ட ஒருவருடைய எண். ஆள் போய்விட்டார், எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

"அடிக்கிறது நீ, குத்துறது பன்னெண்டு. அவ்வளவுதான் தம்பி. ஒண்ணும் ஆகாது" என்றார் ஃபோர்மேன். இருபது வருடத்துக்கு முன் இதேபோல வந்து, இங்கேயே ஊன்றிப்போனவர் அவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தருவார். ஆனால் முதலாளி பக்கம் ஒரு கால், ஆட்கள் பக்கம் ஒரு கால் என்று நிற்பவருக்கு எந்தக் காலில் பாரம் அதிகம் என்று கேட்கவே வேண்டாம். "அடுத்த தடவை அட்டையைப் புதுப்பிக்கிறப்ப வெல்டர்னு மாத்தித் தரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அடுத்த தடவை இந்த மாதக் கடைசியில் வருகிறது.

வெல்டரின் உயிரே அந்தத் தேதியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அட்டை மாறினால் மனைவியும் ஐந்து வயது மகளும் இங்கே வரலாம். மகளுக்கு அப்பா என்றால் போனில் தெரியும் ஒரு முகம், பின்னால் அடுத்தவர் லுங்கி காயும் ஒரு கட்டில் கம்பி, அவ்வளவுதான். அட்டை மாறுவதற்குள் உதவியாளர் வெல்டிங் அடிக்கிறார் என்று யாராவது கண்டுபிடித்தால், அட்டையைப் பிடுங்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். திரும்ப இந்த நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அதனால் பட்டறைக்குள் புதுமுகம் ஒன்று நுழைந்தாலே அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, கீழ்க்கட்டில் கிரைண்டர்காரர் போனை நீட்டினார். குழாய் முனைகளைத் தேய்த்துக் கொடுக்கும் அவர்தான் பட்டறையில் எல்லாருக்கும் பழையவர்.

"உனக்குத்தான். பன்னெண்டு பேசறாரு."

"எந்தப் பன்னெண்டு?"

"ஒரிஜினல் பன்னெண்டு."

வெல்டருக்குக் கையிலிருந்த சோப்பு நழுவியது.

"தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றது ஒரு நிதானமான குரல். "நான் இங்க புதுசா ஒரு கம்பெனியில வேலை கேட்டுப் போனேன். விசாரிச்சிருக்காங்க. நான் இன்னும் உங்க பட்டறையிலதான் இருக்கேனாம், போன வாரம்கூட நாலு ஜாயின்ட் அடிச்சேனாம். எனக்கே தெரியாம நான் நல்லா உழைக்கிறேன் போல."

வெல்டர் போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"உங்க கை சுத்தமான கைதான். என் பேர்ல ஒரு ரிப்பேர்கூட இல்லையாம். அதுக்கு சந்தோஷம். ஆனா நான் அந்த ஊரை விட்டு வந்துட்டேன்னு யாராவது எழுதிக் குடுத்தாத்தான் இங்க சேத்துக்குவாங்க. ஃபோர்மேன் போனை எடுக்க மாட்டேங்கிறாரு. ரெண்டு மாசமா சும்மா உக்காந்திருக்கேன் தம்பி."

"நான் சொல்லிப் பாக்குறேண்ணே" என்றார் வெல்டர். சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஃபோர்மேன் எதிரில் வந்தபோதெல்லாம் வாய்வரை வந்த பேச்சைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார். மாதக் கடைசியில் அட்டை கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டார். அந்த வெட்கம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை ஒரு பெரிய நீராவிக் குழாய் வந்தது. ஆஸ்பத்திரி ஒன்றின் கொதிகலனுக்குப் போகிற குழாய். ஜாயின்ட்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டிய தாங்கிக்குள் மாட்டிக்கொண்டது, நேராகப் பார்க்க வழியில்லை. பட்டறையில் நாலு பேர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். வெல்டர் ஒரு கண்ணாடித் துண்டைக் குழாய்க்குப் பின்னால் சாய்த்து வைத்து, மல்லாக்கப் படுத்து, கண்ணாடியில் தெரிகிற உருவத்தைப் பார்த்தே அடித்தார். இடம் வலமாகத் தெரியும், மேல் கீழாகத் தெரியும், கை மட்டும் ஏமாறக்கூடாது. கப்பலின் வயிற்றுக்குள் பதினொரு வருடம் அவர் செய்த வேலை அது. மூன்று மணி நேரம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோனது. முடித்து எழுந்து, அச்சுப் பெட்டியைத் திறந்து, எண்ணைக் குத்திவிட்டு, பல நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு கிரைண்டர்காரர் அவரை ஓரமாக இழுத்தார்.

"நேத்து என்ன நம்பர் குத்தினே?"

"பன்னெண்டு. வேற என்ன?"

"போய்ப் பாரு."

போய்ப் பார்த்தார். கண்ணாடிபோல வழவழவென்று முடித்திருந்த ஜாயின்ட்டின் ஓரத்தில், ஆழமாக, அழகாக, நாற்பத்தேழு உட்கார்ந்திருந்தது. மூளையைக் கேட்காமல் கை தானாகப் போய் நாலையும் ஏழையும் எடுத்துவிட்டது. பத்து மணிக்குப் பரிசோதகர் வருகிறார். பழைய பரிசோதகர் காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர். இப்போது வருவது ஒரு புது அம்மாள், குழாய்க்குக் குழாய் குனிந்து பார்ப்பவர் என்று பேச்சு.

விஷயம் தெரிந்து ஓடிவந்த ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "உன்னை என்னய்யா பண்றது? மாசக் கடைசியில அட்டை வருது, இப்பப் போய்... எடு கிரைண்டரை. தேச்சு எடு."

"அண்ணே, தேச்சா அந்த இடம் மெலிஞ்சிடும். ஆஸ்பத்திரிக் குழாய்."

"நீ மெலிஞ்சு ஊருக்குப் போறியா?"

வெல்டர் கிரைண்டரை எடுத்தார். இதை மறைக்க வேண்டியதில்லை, அவர் பயந்துதான் எடுத்தார். மகளின் முகம் முன்னால் வந்து நின்றது. பொறி பறந்தது. நாலு போனது. ஏழில் கை வைத்தபோது அது அவர் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் குழாயின் சதையையே எடுக்க வேண்டும். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. மணி ஒன்பதரைகூட ஆகவில்லை.

பரிசோதகர் அம்மாள் ஐம்பது வயதுக்காரர். கழுத்தில் கண்ணாடி, கையில் டார்ச், வாயில் வீண்பேச்சு கிடையாது. அந்த நாட்டு மொழியில்தான் பேசினார். இரண்டு வருடத்தில் வெல்டருக்கு அது புரியும் அளவுக்குப் பழகியிருந்தது. முந்தின நாள் மாலையே எடுத்துவைத்திருந்த ஜாயின்ட்டின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். பிறகு குழாயிடம் வந்தார். பளபளவென்று தேய்த்த இடத்தை விரலால் தடவினார். ஏழுக்கு முன்னால் இருந்த எண் எங்கே, தேய்த்தது யார் என்று கேட்டார்.

தவறாகக் குத்திவிட்டார்கள், அடித்தது பன்னிரண்டுதான் என்று ஃபோர்மேன் பூசி மெழுகினார்.

அப்படியானால் பன்னிரண்டைக் கூப்பிடுங்கள், என் முன்னால் ஒரு தகட்டுத் துண்டில் அடித்துக் காட்டட்டும் என்றார் அம்மாள்.

ஃபோர்மேன் வெல்டரின் முதுகில் கை வைத்துத் தள்ளி, காதோரம் சொன்னார்: "ஹெல்மெட்டைக் கழட்டாதே. அவங்க லிஸ்ட்ல போட்டோ இருக்கு. அடி, பன்னெண்டு குத்து, பின்பக்கமா போயிடு."

வெல்டர் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டார். உள்ளே இருட்டு. அவருடைய மூச்சே அவருக்கு இரைச்சலாகக் கேட்டது. நெருப்பு பற்றியதும் கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. ஒரு துளி சிந்தவில்லை. அடித்து முடித்துப் பின்னால் நகர்ந்ததும், அம்மாள் அச்சுப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நீட்டினார்.

சுழியிலிருந்து ஒன்பதுவரை அச்சுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றையும் இரண்டையும் எடுத்தால் இந்த மாதக் கடைசி தப்பிக்கும். மகள் வருவாள். எங்கோ ஓர் அறையில் ஒருவர், பட்டியலில் ஜாயின்ட் அடித்தபடி, நிஜத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். வெல்டர் ஒன்றாம் அச்சைக் கையில் எடுத்தார். ஃபோர்மேன் மூச்சை விட்டது கேட்டது. எடுத்ததைத் திரும்ப வைத்தார். நாலை எடுத்துச் சுத்தியலால் போட்டார். ஏழை எடுத்துப் போட்டார். பிறகு ஹெல்மெட்டைத் தூக்கினார்.

"அடப்பாவி" என்றார் ஃபோர்மேன், தமிழில், மெதுவாக.

அம்மாள் தகட்டிலிருந்த ஏழைப் பார்த்தார், குழாயில் மிச்சமிருந்த ஏழைப் பார்த்தார். பட்டியலில் இருந்த பன்னிரண்டின் புகைப்படத்தைப் பார்த்தார். வெல்டரின் அட்டையைக் கேட்டார். கழுத்திலிருந்து கழற்றும்போது கயிறு காதில் மாட்டிக்கொண்டது. 'உதவியாளர்' என்பதை அவர் சத்தமாகப் படித்தார். பிறகு, பன்னிரண்டு எங்கே என்று கேட்டார்.

"அவர் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று" என்று தனக்குத் தெரிந்த அந்த மொழியில் திக்கித் திணறிச் சொன்னார் வெல்டர். "இங்கே அவர் பேரில் இருக்கிறதெல்லாம் நான் அடித்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு வேலை கிடைக்கும்."

அம்மாள் எழுதிக்கொண்டார். உங்கள் அட்டையைப் பற்றி முடிவு செய்வது வேறு அலுவலகம், அதில் நான் எதுவும் செய்ய முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். திங்கட்கிழமை அங்கே கூப்பிடுவார்கள், இருந்தது இருந்தபடி சொல்லுங்கள், திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். ஆனால் யார் அடித்தது என்று தெரியாத குழாய் ஒன்றுகூட இன்று வெளியே போகாது. உங்கள் கை பட்டதில் எல்லாம் உங்கள் எண்ணை எழுதுங்கள் என்று ஒரு சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அந்தப் பட்டறையின் பின்பக்கம், அனுப்பத் தயாராக அடுக்கியிருந்த குழாய்கள் எண்பது இருக்கும். பெரும்பாலானவற்றில் பன்னிரண்டு, சிலவற்றில் வேறு எண்கள். வெல்டர் முதல் குழாயின் முன்னால் போய் நின்றார். தன்னுடையதா என்று பார்க்க அவருக்கு வெளிச்சம்கூடத் தேவைப்படவில்லை, விரலால் தடவினாலே தெரிந்தது. இது என்னுடையது. இது என்னுடையது. இது வேறொருவர், இதை விடுங்கள் என்று அம்மாளிடம் சொன்னார். ஒவ்வொன்றிலும் நாற்பத்தேழு என்று கோணலும் மாணலுமாக எழுதிக்கொண்டே போனார். கிரைண்டர்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபோர்மேன் வாசலில் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

பாதி முடித்திருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. சாப்பாட்டு வேளைக்கு அவர் எப்போதும் கூப்பிடுகிற நேரம். சாக்பீஸ் பிடித்த கையோடு எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் பின்னால் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க" என்றார் மனைவி. எண் இல்லாத 'ஏங்க'.

"சொல்லும்மா."

"நாங்க அங்க வர்றதா, நீங்க இங்க வர்றதா?"

"தெரியல. திங்கக்கிழமை தெரியும்."

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"நாப்பது இருக்கும்."

"சரி, எழுதி முடிங்க" என்றார் மனைவி. அவர் அழுகிறார் என்பது குரலில் தெரிந்தது. "ஒண்ணைக்கூட விட்டுடாதீங்க, நாப்பத்தேழு."