எட்டாவது நாற்காலி

போன வாரம் வரை என் வீட்டு மாடியில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வெயிலில் நிறம் வெளுத்து, முதுகில் ஒரு கீறல் விழுந்து, பின்னங்கால் ஒன்றில் நைலான் கயிறு சுற்றியிருந்தது. துவைத்த துணிக் கூடையை அதன்மேல் வைப்பேன். பழைய சாமான் எடுக்க வருகிறவர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டு, "அதையும் போட்டுடலாமேம்மா" என்பார். "அதுல கைய வச்சுப் பாருங்க தெரியும்" என்பேன். அந்த நாற்காலி என்னுடையது அல்ல. இரண்டு நாடுகள் பேச உட்கார்ந்த இடத்தில் அது போடப்பட்டிருந்தது என்று சொன்னால் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார் என்பதால் சொன்னதில்லை.

அதன் சொந்தக்காரர் கருக்களாச்சேரி மீனவப் பெண்கள் சங்கத்தின் தலைவி. கரையில் ஏலம் எடுத்து, கூடையில் ஐஸ் போட்டு, காரைக்கால் மார்க்கெட்டிலும் தெருத்தெருவாகவும் மீன் விற்கிற பெண்களின் சங்கம் அது. ஊரில் எல்லாருக்கும் அவர் அக்கா. என்னைவிட வயதில் சிறியவர் என்றாலும் எனக்கும் அக்காதான். நான் அப்போது மீன்வளத்துறையில் அதிகாரி. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, யாராவது உட்காரச் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர் நேராக வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, "மேடம், போன தடவ சொன்னீங்களே, அது என்னாச்சு?" என்று ஆரம்பிப்பார். வணக்கம் சொல்வதெல்லாம் வேலை முடிந்து கிளம்பும்போதுதான். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் வராத வாரம் அலுவலகமே சப்பென்று இருந்தது.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன எங்கள் விசைப்படகு ஒன்றை, எல்லை தாண்டியதற்காக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. படகில் இருந்தவர்களை யாழ்ப்பாணத்துச் சிறையில் வைத்தார்கள். அவர்களில் ஒருவர் அக்காவின் தம்பி. அம்மா போன பிறகு அக்கா மீன் விற்று வளர்த்த தம்பி. வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போதெல்லாம், இவர்களை விடக்கூடாது என்று அங்குள்ள மீனவர்கள் வீதியில் இறங்கினார்கள். அவர்களுடைய கோபத்தைத் தாண்டி எதுவும் செய்ய அவர்களுடைய அரசாங்கம் தயாராக இல்லை. இங்கேயோ சாலை மறியல். அந்தச் சத்தத்தைத் தாண்டிப் பேச நம் அரசாங்கமும் தயாராக இல்லை. இரண்டு பக்கமும் கப்பல் இருந்தது, வரைபடம் இருந்தது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தது. இத்தனையும் இருந்தும், இந்தக் கரை அந்தக் கரையைப் பற்றி என்ன நினைக்கிறது என்ற ஒன்றில் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. அவர்களுக்கு நாங்கள் திருடர்கள். எங்களுக்கு அவர்கள் காட்டிக்கொடுப்பவர்கள். இந்த இரண்டு நினைப்பும் இருக்கிற வரை தம்பி வீட்டுக்கு வரப்போவதில்லை என்பதை அக்கா எங்கள் எல்லாருக்கும் முன்பே கண்டுகொண்டார்.

எல்லை என்றால் என்னவென்று காரைக்காலில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெற்கே வாஞ்சூரில் மதுக்கடைகள் முடிகிற இடத்தில் தமிழ்நாட்டு எல்லை ஒன்று, வடக்கே பூவத்தைத் தாண்டினால் இன்னொன்று. எந்தக் காலத்திலோ பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டதில் விழுந்த கோடு. அவர்கள் இருவரும் கப்பலேறிப் போய்விட்டார்கள், கோடு போகவில்லை. விலை பார்த்துப் பெட்ரோல் போடும்போது அந்தக் கோடு இருக்கிறது. பெண் எடுக்கவும் கொடுக்கவும் போகும்போது அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. எதற்கு அது இருக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் இரண்டு பக்கத்து ஜனங்களுக்கும் ஒரே எண்ணம் இருப்பதால் இதுவரை யாரும் யாரையும் பிடித்து உள்ளே வைத்ததில்லை. கடலில் இருக்கிற கோட்டைப் பற்றி அப்படி ஓர் ஒத்த எண்ணம் எங்களிடம் இல்லாமல் போயிற்று.

கடைசியில், இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசட்டும், அதிகாரிகள் ஓரமாக இருக்கட்டும் என்று ஓர் ஏற்பாடு நடந்தது. நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பக்கத்துக்கு ஏழு பேர். நம் பக்கத்து ஏழில் காரைக்காலுக்கு ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. அந்த ஒன்றும் தம்பி வேலை பார்த்த படகின் முதலாளிக்குப் போயிற்று. அக்கா என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒரு பொம்பளைக்குக்கூடவா எடம் இல்ல?"

மேலே முடிவாகிவிட்டது, ஏழு நாற்காலிதான் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. "சேர்தானே மேடம் பிரச்சனை? சரி, பாத்துக்கலாம்" என்று எழுந்து, அன்றைக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

கூட்டத்தன்று காலை, மண்டபத்து வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, இடுப்பில் இந்த நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அக்கா இறங்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது கல்யாண மண்டபம் அக்கா, உள்ள சேர் மலை மாதிரி அடுக்கி வச்சிருக்காங்க. இதை எதுக்குச் சொமந்துகிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மண்டபத்துச் சேர்ல உக்காந்தா எழுப்பிவுட்டுடுவாங்க மேடம். என் சேர்ல நான் உக்காந்தா எவன் வந்து எழுப்புவான்?"

நேராக உள்ளே போய், நீள மேஜையின் ஓரத்தில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் மேலதிகாரி என் காதருகே குனிந்து, அந்த அம்மாவை வெளியே அனுப்பும்படி சொன்னார். "அவங்க சேரை அவங்களே கொண்டுவந்திருக்காங்க சார், நம்ம ஏழுல அது சேராது" என்றேன். பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அந்த வேலையில் இருந்த காலத்தில் நான் சொன்ன நல்ல பதில்களில் அது ஒன்று என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

காலை முழுவதும் பேச்சு ஒரு அடி நகரவில்லை. படகு முதலாளி, "எங்க பாட்டன் காலத்துலேருந்து அந்தக் கடல்லதான் தொழில் பாக்குறோம்" என்றார். எதிரில் இருந்தவர்களில் முடி நரைத்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கட பாட்டனார் றோலரிலயோ வந்தவர்?" என்று கேட்டார். விசைப்படகைத்தான் அவர்கள் றோலர் என்கிறார்கள். கடலின் அடியையே வாரிக்கொண்டு வரும் மடி என்ற பெரிய வலையை அது இழுத்துக்கொண்டு போகும். வழியில் அவர்கள் விரித்து வைத்திருக்கும் வலைகள் அதில் சிக்கி நார் நாராகப் போகும். போரில் எல்லாவற்றையும் இழந்து, கடன் வாங்கி மறுபடி வலை போட்டவர்கள் அவர்கள். பதில் இல்லாதவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல முதலாளி சத்தம் போட்டார். அவர்களும் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே தமிழ், ஆனாலும் ஒருவர் சொல்வது ஒருவருக்கு ஏறவில்லை.

அப்போதுதான் அக்கா பேசினார். எழுந்து நிற்கவில்லை. எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"எந்தம்பி உங்க ஊரு ஜெயில்ல இருக்கான். அவன் போன படகு இழுத்த மடிதான் உங்க வலைய அறுத்துச்சு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கோவப்படுங்க, நாயந்தான். ஆனா பங்காளின்னு நெனச்சுச் சண்டை போடுங்க, திருடன்னு நெனச்சுப் போடாதீங்க. பங்காளிச் சண்டைன்னா என்னைக்காவது ஒரு நாள் உக்காந்து பேசித்தான ஆகணும்? திருடன்கிட்ட யாரு பேசுவா?"

முதலாளி மேஜையைத் தட்டினார். யாரைக் கேட்டு இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறாய் என்று கத்தினார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நரைத்த தலைக்காரரை மட்டும் பார்த்துச் சொன்னார்: "படகு என் கையில இல்லங்க. மீனு என் கையில இருக்கு. மடியக் கட்டிக்கிட்டு கோட்டத் தாண்டிப் போயி புடிச்சாந்த மீனை எங்க பொம்பளைங்க ஏலத்துல கேக்க மாட்டோம். என்னால முடிஞ்சது அது. அத நான் செய்வேன்."

அந்தப் பெரியவர் தன் நாற்காலியை அக்கா பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு, "செய்து காட்டுங்கோ அக்கா. நீங்கள் செய்தால் நாங்கள் றோட்டில இறங்க மாட்டம்" என்றார். கையெழுத்து எதுவும் இல்லை. அன்றைய அதிகாரபூர்வ அறிக்கையில், பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது என்று ஒரு வரி வந்தது. நடந்த ஒரே விஷயம் அதில் இல்லை.

கரையில் நடக்கிற ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வாய்தான் எல்லாம். மீனைக் குவித்துவிட்டு ஏலக்காரர் கூவ ஆரம்பிப்பார், பெண்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விலை சொல்வார்கள், காது கிழியும். கூட்டம் முடிந்த அந்த வாரம், எல்லை தாண்டிப் போய்வந்த படகு ஒன்று மீனை இறக்கியது. எந்தப் படகு எங்கே போய்வந்தது என்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. ஏலக்காரர் கூவினார். அக்கா இந்த நாற்காலியைக் கரையிலேயே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்ற பெண்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி கூவினார், விலையை இறக்கிக் கூவினார். கடைசியில் அவர் குரல் கம்மியதைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. இறாலும் கணவாயும் ஏற்றுமதிக் கம்பெனியின் ஐஸ் லாரியில் போய்விட்டன, அதை யாராலும் தடுக்க முடியவில்லை. மற்ற மீனெல்லாம் மணலில் கிடந்து வெயிலில் காய்ந்தது. வாய் திறக்காமல் நின்றவர்களில் அந்தப் படகு முதலாளியின் சொந்தத் தங்கையும் இருந்தார். சொந்தத் தங்கையே எதிரே நிற்பது எந்த லாரிப் பணத்தாலும் சரிக்கட்ட முடியாத சங்கதி. முதலாளிகளில் சிலர் முணுமுணுத்துக்கொண்டே படகை இந்தப் பக்கமே ஓட்டினார்கள்.

இந்தச் செய்தி எந்தத் தூதரகம் வழியாகவும் அக்கரைக்குப் போகவில்லை. யாரோ யாருக்கோ போன் செய்தார்கள். அடுத்த முறை வழக்கு வந்தபோது நீதிமன்றத்து வாசலில் கூட்டம் இல்லை. தம்பியும் மற்றவர்களும் விடுதலையானார்கள். இரண்டு அரசாங்கங்களும் தங்கள் முயற்சியால்தான் என்று சொல்லிக்கொண்டன. சொல்லிக்கொள்ளட்டும் என்று அக்கா சிரித்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஊர் திரும்பிய தம்பிக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அதே முதலாளியிடம் போனார். அவருடைய இன்னொரு படகு அதே மடியோடு அதே கோட்டைத் தாண்டியது. தம்பி கொண்டுவந்த மீன் கரையில் குவிந்த காலை, அவர் உடம்பு தேறட்டும் என்று முதல் நாள்தான் விரால் குழம்பு வைத்துப் போட்டிருந்த அக்கா, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஏலக்காரர் கூவினார். பெண்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வாய் திறக்கவில்லை.

தம்பி மணலைக் கடந்து வந்து அவருக்கு முன்னால் நின்றார். "எனக்காகத்தானே அக்கா அம்புட்டுப் பேரு முன்னாடி பேசுன? இப்ப எம் மீனையே கேக்க மாட்டேங்குறியே?"

"ஒனக்காகத்தான்டா பேசுனேன். ஒன் மீனைக் கேட்டா நான் பேசுனது பொய்யாப் போயிடும்டா."

தம்பி கோபத்தில் நாற்காலியை ஓர் உதை விட்டார். பின்னங்கால் விரிசல் விட்டது. அக்கா சாயவில்லை, காலை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததை நான் பார்த்தேன், எல்லாரும் பார்த்தார்கள். ஒரு நாட்டின் உறுதி என்று பெரிய மேடைகளில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வார்த்தை கேட்டால் அந்த மணல்தான் ஞாபகம் வருகிறது. அன்று சாயங்காலம் அக்காவே நைலான் கயிற்றை எடுத்து நாற்காலிக் காலைச் சுற்றிக் கட்டினார். தம்பி வெகுகாலம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்தப் படகுக்கும் மறுபடி போகவில்லை. கடன் வாங்கி ஒரு சின்ன ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக் கடலிலேயே தொழில் செய்ய ஆரம்பித்தார்.

இரண்டாவது கூட்டத்துக்குத் தேதி சொன்னார்கள். அக்கா நாற்காலியை என்னிடம் கொண்டுவந்து விட்டார். "ஒங்க ஜீப்புல போட்டு எடுத்தாந்துடுங்க மேடம், ஆட்டோக்காரன் இதுக்கும் சேத்து காசு கேக்குறான்." கூட்டம் தள்ளிப்போனது. பிறகு நின்றேபோனது. எல்லை தாண்டுகிற படகுகள் மறுபடி அதிகமாயின, பிடிப்பதும் அடைப்பதும் அதிகமாயின. ஓய்வு பெற்று வந்தபோது நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போன கோடையில் அக்கா இறந்துபோனார். கடைசியாகப் பார்த்தபோதும், "மேடம், கூட்டம் என்னாச்சு?" என்றுதான் கேட்டார். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

போன வாரம் வாசலில் தம்பி நின்றார். மீசை நரைத்துவிட்டது. இப்போது ஊர்ப் பஞ்சாயத்தார்களில் ஒருவர். மறுபடியும் பேச்சுவார்த்தை வைத்திருக்கிறார்களாம், காரைக்காலுக்கு உள்ள ஒரே இடம் இந்த முறை அவருக்காம். சந்தோஷம் தாங்காமல் காபி போட உள்ளே போனேன். "காபி இருக்கட்டும் மேடம். அக்கா சேரு ஒங்ககிட்டதான இருக்கு?" என்றார்.

"உங்களுக்குத்தான் இடம் இருக்கே?"

"எனக்கு இருக்கு. அக்கா பொண்ணுக்கு இல்ல. அதுதான் இப்ப சங்கத்துத் தலைவி. பக்கத்துக்கு ஏழு பேருதான்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க."

"இன்னும் ஏழுதானா?" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏழுதான்."

மாடிக்கு ஏறிப்போய் நாற்காலியை இறக்கி, துணியால் துடைத்தோம். அவர் குனிந்து தான் உதைத்த காலைப் பார்த்தார். கயிறு தளர்ந்திருந்தது. தரையில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, பல்லால் கடித்து இழுத்து மறுபடி இறுக்கிக் கட்டினார். உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். உட்கார்ந்தேன், ஆடவில்லை.

"புதுசா ஒண்ணு வாங்கித் தரட்டுமா? இல்லன்னா மண்டபத்துலயே கேட்டா போடுவாங்களே" என்று, தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"போடுவாங்க மேடம். எழுப்பவும் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா தூக்கியதுபோலவே நாற்காலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தம்பி தெருவில் இறங்கி நடந்தார்.