ஒண்ணுக்குப் போக ஒரு டோக்கன்

எங்கள் ஷூ கம்பெனியில் ஒண்ணுக்குப் போவதற்கு டோக்கன் உண்டு. ஒரு லைனுக்கு ஒன்றுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் வில்லை, நடுவில் லைன் நம்பர், மேலே ஓட்டை போட்டு ஒரு கயிறு. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வந்து ஆணியில் மாட்டுகிற வரைக்கும் மற்ற எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஷூ தைக்க வேண்டியதுதான். நான் மாட்டிக்கொண்டு நடந்தால் வாணியம்பாடி சந்தையில் விலை பேசி முடித்த கிடா மாதிரி இருப்பேனாம். லைனே சொல்லிச் சிரிக்கும். கிடாவுக்காவது கொம்பு இருக்கும், எனக்கு அதுவும் இல்லை.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் வாத்தியார் விட்டுவிடுவார். படிப்பு பேஜார் என்று ஓடி வந்த அறிவாளி நான், இங்கே வந்து கழுத்தில் தோலைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என் வேலை தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சுத்தியால் தட்டுவது. நான் தட்டிக் கொடுப்பதைப் பக்கத்து மிஷினில் ஒரு அக்கா தைப்பார். ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். வீட்டுக்காரர் இல்லை, மகள் நர்ஸிங் படிக்கிறாள். அக்காவின் தையல் நூல் பிடித்து வைத்த மாதிரி ஓடும். நான் எவ்வளவு கோணலாக மடித்துக் கொடுத்தாலும் என்னைத் திட்டிக்கொண்டே நேராக்கிவிடுவார்.

அந்த அக்காவுக்குக் கிட்னியில் கல். வேலூர் ஆஸ்பத்திரியில், தண்ணி ஜாஸ்தி குடிக்கணும், அடக்கவே கூடாது, அடக்கினால் கிட்னியே போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். டாக்டருக்கு எங்கள் ஆணியைப் பற்றித் தெரியாது. அக்கா குடிப்பதையே நிறுத்திவிட்டார். முகம் வீங்கிக்கொண்டே வந்தது.

"இன்னாக்கா, பாட்டில் அப்டியே கீது?"

"குடிச்சா வரும்டா. வந்தா டோக்கன் வேணும். டோக்கன் யார் கழுத்துல கீதோ, அவங்க உள்ள உக்காந்து போன் பேசினு இருப்பாங்க."

கேட்டில் எட்டு மணி நேர வேலை என்று போர்டு இருக்கிறது. சாயந்திரம் மணியும் அடிக்கும். ஆனால் அன்றைய டார்கெட் முடியாமல் கன்வேயரை நிறுத்த மாட்டார்கள், பஸ்ஸையும் எடுக்க மாட்டார்கள். மணி அடித்த பிறகு ஓடுகிற அந்த நேரத்தில் டோக்கனை ஆணியிலிருந்து கழற்றி சூப்பர்வைசர் டிராயரில் போட்டுக்கொள்வார். வேலை நேரம் முடிந்துவிட்டதாம், அதனால் ஒண்ணுக்கும் கிடையாதாம். அக்கா ஒருமுறை வலி தாங்காமல் போய்க் கேட்டார்.

"உனக்கு ஒரு ரூல், ஊருக்கு ஒரு ரூலாம்மா? கல்லு வெச்சுக்கினு எதுக்கு வேலைக்கு வர்ற?" என்றார் சூப்பர்வைசர்.

நானும், கட்டிங்கில் இருக்கும் என் தோஸ்தும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் யூனியன்காரரைப் போய்ப் பார்த்தோம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து ஓய்ந்தவர். எங்கள் கம்பெனியில் அவருக்குக் கொடியும் இல்லை, ஆளும் இல்லை. முன்னால் சேர்ந்த ஒருசிலரைத் தூரத்து யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

"மணி அடிச்சப்புறம் உக்கார வெக்கணும்னா உன்னக் கேக்கணும், டபுள் சம்பளம் குடுக்கணும். சட்டத்துலயே கீது. ஒண்ணுக்குப் போவறத எவனும் தடுக்க முடியாது. லைன்ல எல்லாரும் ஒரே நேரத்துல பெடல்லேர்ந்து கால எடுங்க. கொஞ்ச நேரம் போதும். அப்பால நான் உள்ள வந்து பேசறேன்."

"யூனியன்ல சேந்தா வேலை போவும்ணா. வேற எதுனா கம்மி செலவுல வழி இருந்தா சொல்லு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

கம்மி செலவு வழியைத் திரும்பி வரும்போதே என் மூளை கண்டுபிடித்தது. ஊரெல்லாம் போட்டு நடக்கிற ஷூவையே செய்கிறோம், ஒரு தோல் வில்லை செய்ய மாட்டோமா? கள்ள டோக்கன்! அக்கா பையில் ஒன்று இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு போகலாம். கழுத்தில் தோல் தொங்கினால் சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

தோஸ்த் கழிவுத் தோலில் வட்டமாக வெட்டிக் கொடுத்தான். சாப்பாட்டு நேரத்தில் நான் ஓரத்தை மடித்துத் தட்டினேன். அக்கா சுற்றித் தைத்தார். ஆணியில் தொங்குகிற ஒரிஜினல் என்னவோ நாய் கடித்துத் துப்பிய மாதிரி இருக்கும், ஓரம் பிசிறு பிசிறாக.

"கொஞ்சம் கோணலா தையிக்கா. அசல் மாதிரி இருக்கணும்ல."

"கை வர மாட்டேங்குதுடா. நீ மொதல்ல ஓரத்தப் பிச்சு விடு."

எனக்கும் மனசு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மடிப்பு நேராக வந்திருந்தது, அதையா பிய்ப்பேன்? ஓரத்துக்குக் கலர் அடித்தேன். தோஸ்த் பாலிஷ் போட்டுத் தேய்த்தான். மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்த்தோம். திருட்டு வேலை செய்கிறோம் என்பதே மறந்துபோய், பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தோம்.

கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. அக்காவின் பாட்டில் மத்தியானத்துக்குள் காலியானது. முகத்தில் வீக்கம் குறைந்தது. என்னைத் திட்டுகிற குரலில்கூடத் தெம்பு வந்தது.

ஒருநாள் சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்துவிட்டார். அக்கா கழுத்தில் டோக்கன் பளபளவென்று மின்னியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பெனியில் டோக்கன் மின்னியதே இல்லை. பிடுங்கிக்கொண்டு போய் மேனேஜரையே லைனுக்குக் கூட்டி வந்தார்.

மேனேஜர் திட்டவில்லை. ஷூ சாம்பிளைப் பார்க்கிற மாதிரி ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார், திருப்பினார், தையலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"யார் தெச்சது?"

"நான்தான் சார்" என்று எழுந்தேன்.

"உனக்கு ஊசில நூல் கோக்கத் தெரியுமாடா?" என்றார் சூப்பர்வைசர். லைனே சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

அக்கா எழுந்தார். "நான்தான் சார் தெச்சேன். எனக்கு ஒண்ணுக்குப் போவணும் சார். அதான் தெச்சேன்."

இப்போதுதான் என்று நினைத்தேன். யூனியன்காரர் சொன்ன நேரம் இதுதான். எல்லாரும் பெடலிலிருந்து காலை எடுத்தால் போதும். லைன் முழுக்கப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மிஷின்கள் முன்னைவிட வேகமாக ஓடின. எனக்கோ பெடலே கிடையாது. கையிலிருந்த சுத்தியைக் கீழே போட்டேன். அந்த இரைச்சலில் அது விழுந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அக்கா கழுத்தில் ஒன்றும் இல்லாமல் நடந்தார்.

"எங்கம்மா போற?"

"சொன்னேனே சார்."

நானும் பின்னாலேயே போனேன். "நீ எங்கடா?" என்றார் சூப்பர்வைசர். "எனக்கும் வருது சார்" என்றேன். உண்மையில் வரவில்லை. ஆம்பிளைகள் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி முடித்திருந்தார்கள். என் முறைக்காகக் காத்திருந்தேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவன் ஜோக்கரு சார், உடுங்க" என்றார் சூப்பர்வைசர். மேனேஜர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பிறந்ததிலிருந்து நான் செய்த ஒரே போராட்டம் அது. அதையும் ஜோக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. எங்கள் வில்லையைப் பார்த்து எல்லா லைனுக்கும் அதே மாதிரி புது டோக்கன் செய்யச் சொன்னார் மேனேஜர். மணி அடித்த பிறகு உட்கார்ந்து நாங்களேதான் செய்தோம். அப்போதும் யாரும் எழுந்து போகவில்லை, நானும்தான்.

யூனியன்காரர் டீக்கடையில் கத்தினார். "டோக்கன் செய்ய மூணு பேர் சேந்தீங்களே, அந்த மூணு பேர் மொதல்ல எங்கிட்ட சேந்திருந்தா அந்தம்மாவ வெளிய அனுப்ப யோசிச்சிருப்பான்டா! இப்ப கேஸ் போடலாம், வருசக்கணக்கா இழுக்கும்." அக்கா வேண்டாம் என்றுவிட்டார். மகள் படிப்பு வருஷக்கணக்காகக் காத்திருக்காது. நான் அன்றைக்கே யூனியனில் சேர்ந்தேன். தோஸ்தும் சேர்ந்தான். எங்கள் லைனில் இன்றுவரைக்கும் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூர் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். ஷூவின் மேல் பாகத்தைக் கையால் தைக்கிற வேலையை வீட்டுக்கே மூட்டையில் கொண்டு வந்து போடுகிறான் ஒரு ஏஜென்ட். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மூட்டைக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே மறுபடியும் வீங்கியிருந்தது.

"இன்னாக்கா, இங்க ஆணியும் இல்ல, டோக்கனும் இல்ல. ராணி மாதிரி தண்ணி குடிக்கலாமே" என்றேன்.

"காலையிலேர்ந்து தெச்சினுகீறேன்டா. சாயந்திரம் மூட்டைய எடுக்க வருவான். முடிக்கலன்னா அடுத்தது வேற வீட்டுக்குப் போய்டும்."

"மணி இன்னாவுது? எழுந்து போனியா, இல்லியா?"

அக்கா தலையை நிமிர்த்தாமல் நூலைப் பல்லால் கடித்தார்.

"யக்கா, யாருக்கா உன்னப் புடிச்சு வெச்சினுகீறாங்க? எழுந்து போக்கா!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதடா. இந்த ஒரு ஜோடி முடிச்சிட்டுப் போறேன்" என்றார் அக்கா.