பொந்துக்குக் கீழே ஈர விதை

பொன்முடிக் காட்டுப் பறவைக்கெல்லாம் என்னைத் தெரியும். பொய்தான். என்னைக் கண்டதும் பறந்து போகத்தான் அவற்றுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் இதே கதை. அங்கே பறந்தது நான்.

வனத்துறையில் வாட்சராகச் சேர்ந்த முதல் நாள், கூட வந்த சீனியர் ராகவன் சேட்டன் ஒரு மரப்பொந்தைக் காட்டினார். உள்ளே பெண் இருவாச்சிப் பறவை வாசலை அடைத்துக்கொண்டு குஞ்சோடு இருக்கிறது. அலகு நுழையும் இடுக்கு மட்டும் பாக்கி. ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். நான் அண்ணாந்து வாய் பிளந்தேன்.

"எடா, மேல நோக்காதே. நீ நின்னா அவன் வரமாட்டான். அவன் போனப்புறம் வந்து கீழ நோக்கு."

எங்கள் வேலையே அதுதான். மரத்தடியில் பறவை துப்பிய ஈர விதை கிடந்தால் உள்ளே சாப்பாடு போகிறது. அந்த விதையைத் தின்ன எலி வரும், எலிக்குப் பாம்பு, பாம்புக்குப் பருந்து. தப்பித்த விதை மரமாகும்.

"காட்டுக்கே மெஸ் நடத்துறது அவனாக்கும்," என்பார் சேட்டன். "நீ எச்சில் இலை எடுக்கக்கூட ஆகமாட்டே."

ஒரு வருடம், ஒருநாள் போய்ப் பார்த்தால் விதையெல்லாம் காய்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. ஆண் வரவில்லை.

"நாமளே ஏறிப் பழம் குடுத்தா என்ன சேட்டா?"

"உன் மோந்தையக் கண்டா அது பயந்தே செத்துப்போகும். வாய மூடிட்டு மிண்டாம இரு."

கடைசியில் பெண்ணே அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. இளைத்திருந்தது. கிளையில் உட்கார்ந்து கூப்பிட்டது. பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டது. பிறகு குஞ்சை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்குப் பக்கம் பறந்து போனது.

"திரும்பி வருமா சேட்டா?"

"நாளைக்குக் கீழ நோக்கு."

இப்போது நகரத்தில், ஸ்ரீவராகத்தில், நானும் மனைவியும் ஒற்றை அறையில் இருக்கிறோம். இருவாச்சி பறந்தால் இறகு நீராவி போலச் சீறும். அடுப்பில் குக்கர் சீறினால் இன்றைக்கும் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்க்கிறேன். கேபிள் வயர்தான் தெரிகிறது. அந்த ஆண் எங்கே போனதென்று இதுவரை தெரியாது.

பெண் பறந்துபோன மறுநாள் நானும் சேட்டனும் மரத்தடிக்குப் போனோம். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். சேட்டன் குனிந்து...

"ஏங்க, பழம் வாங்கப் போறேன்னு கிளம்பின ஆளு இன்னும் வாசல்லயேவா? இந்த முட்டி வலிய வச்சிக்கிட்டு நானே போகட்டுமா?" உள்ளேயிருந்து என் மனைவி.

ஈர விதை கிடந்தது. அது போதும் உங்களுக்கு. பழம் கொண்டுவர வேண்டியவன் வராமல் போனால் உள்ளே இருப்பவள் பாடு என்னவென்று பார்த்தவன் நான். பையை எடுத்துவிட்டேன்.