மூணு பேரோட நின்னுபோன சின்னக் காரு

எங்க தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள ஒரு சேப்புச் சீட்டு கெடக்குதுங்க. காரோட பின்சீட்டு. காரு போய் எத்தனையோ வருசமாச்சு, சீட்டு மட்டும் போகலை. மேல்தோலு வெடிச்சு உள்ள இருக்கற நாரு எட்டிப் பாக்குது. ஒரு மூலையில கோழி முட்டை வெக்கறதுக்குன்னே குழி பறிச்சு வெச்சிருக்குது. தண்ணி பாய்ச்சப் போனா நான் அதுலதான் உக்காருவேன். நீளம் எத்தனைங்கறீங்க? பாதிக் கட்டல்கூட வராது. மொதத் தடவை அதப் பாத்தப்ப, "இதுல மனுசன் உக்காருவானா, இல்ல மனுசன் கொண்டாற பொட்டி மட்டும் உக்காருமா?"ன்னு கேட்டவ நான்.

கேட்டது என்ற கொழுந்தன்கிட்ட, ஊட்டுக்காரருக்குத் தம்பி. நாங்க எருத்தேன்பதிப் பக்கம் தென்னையும் கடலையும் வெக்கற குடும்பம். அவன் ஒருத்தன்தான் மண்ணுல கை வெக்காம இரும்புல கை வெச்சவன். பீர்மேட்டுல ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில மெசினு பாக்கற வேலை. வருசத்துக்கு ரெண்டு தடவை பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி ஊடு வந்து சேருவான். வந்தான்னா மேலெல்லாம் தேயிலை வாசம். "ஏனப்பா, உன்னையப் புழிஞ்சா ரெண்டு டம்ளர் டீ வருமாட்ட இருக்குதே"ம்பேன். "பால் நீங்க ஊத்துங்க நங்கையா"ம்பான். எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டிய நங்கையான்னுதான் கூப்புடுவாங்க. அவன் வாயில அது ஒரு ராகமா வரும்.

எழுபது பொறந்து கொஞ்ச வருசத்துல அந்த மலையில இருந்த வெள்ளக்காரத் துரைங்க ஒவ்வொருத்தரா மூட்டை கட்டுனாங்க. இவன் வேலை பாத்த தோட்டமும் கை மாறிச்சு. துரைசானி கட்டலு, மேசை, நாய் படுக்கற கூடை வரைக்கும் வித்துப்போட்டு, கடைசியா அவ ஓட்டிட்டிருந்த குட்டிக் காரை இவன்கிட்டயே சல்லிசாத் தள்ளி விட்டுட்டா. அத்தனை வருசம் அதுக்கு நாடி புடிச்சுப் பாத்தவன் இவன்தானுங்களே. ஒரு நா மத்தியானம் கடலைக்காட்டு ஓரமா புழுதி கெளம்புது. ஆடு வருதுன்னு பாத்தா காரு வருது.

சனம் கூடிப் போச்சு. எங்க ஊருல காருன்னா கலியாணத்துக்கு டவுன்ல இருந்து வாடகைக்கு வர்ற பெரிய காருதான். உருண்டை முதுகு, யானையாட்டம் நிக்கும். உள்ள பதினோரு உருப்படி ஏறி, டிக்கியில வாழைத்தாரும் ஏறி, அப்பறமும் ஒரு சித்தப்பன் கதவப் புடிச்சுத் தொங்குவாரு. இது எப்படின்னா, அந்தப் பெரிய காரு குட்டி போட்டு, குட்டிக்குப் பால் பத்தாமப் போனாட்ட இருந்துது. முன்னால தெறந்தா பொட்டி வெக்கற எடம், பின்னால தெறந்தா எஞ்சின். மாமியா ஒரு சுத்து சுத்தி வந்து, "திருப்பி மாட்டிட்டானுகளாடா?"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு அடங்குன பொறகு ஒரு ரோசனை வந்துது. துரைசானிக்குக் காசுக்குப் பஞ்சமா? பெரிய காரு வாங்க முடியாதவளா? அப்பறம் ஏன் இத வாங்குனா? கொழுந்தன்கிட்டக் கேட்டேன். அவனும் இதே கேள்விய அவகிட்டக் கேட்டிருக்கானுங்க. அவுங்க நாட்டுல தெருவெல்லாம் குறுகலு, ஊட்டு முன்னால வண்டி நிறுத்த எடமில்லை, பெட்ரோலு கொள்ளை வெலை. அதனால சின்னக் காருன்னா எல்லாரும் ஆசைப்படுவாங்களாம். அதுக்கும் அக்கட்ட கடல் தாண்டி இன்னொரு நாடு இருக்குதாம், அங்க ரோடும் மைதானமாட்டம், பெட்ரோலும் தண்ணியாட்டம். அங்க காரு கப்பல் கணக்கா இருக்குமாம். இந்த வண்டியக் கொண்டுபோனா புள்ளைக வெளையாடற சாமான்னு சிரிப்பாங்களாம்.

கேக்கறதுக்குச் சரியாத்தான் இருந்துது. ஆனா எனக்கு நெஞ்சுல எறங்கலை. எங்க இட்டேரிய விடக் குறுகலா ஒரு தெருவு இருக்குமா? ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல ஒரு மாட்டு வண்டி போனா எதுக்க வர்ற ஆடு வேலி மேல ஏறோணும். பெட்ரோலு வெலையும் அந்த வருசம்தான் எகிறிச்சு. துரைசானி சொன்ன கணக்குப்படி நாங்கல்லாம் சின்னக் காருக்குத்தான் உசுர விடோணும். எங்க சனம் ஏன் யானைக் காரையே பாத்து வாயத் தெறக்குது? இந்தக் கேள்விய இடுப்புல சொருகிட்டே கொஞ்ச நாள் திரிஞ்சேன். பதிலு பொண்ணு பாக்கப் போன அன்னிக்குக் கெடைச்சுது.

கொழுந்தனுக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சுது. ரெண்டு எடத்துல பொண்ணு கேட்டாச்சு. மலையில யானை வருமாம், குளிருல புள்ள வெறைச்சுப் போயிருமாம்னு ரெண்டும் தட்டிப் போச்சு. மூணாவது எடம் சித்தூருக்கு இக்கட்ட, வயக்காட்டுக் குடும்பம். பொண்ணுப் புள்ள காலேசுப் படிப்பு. இதுவும் தட்டுனா இனி யாரும் எனக்காகப் படியேற வேண்டாம், நான் மலையோட இருந்துக்கறேன்னு அவன் சொல்லிப்போட்டான். சும்மா சொல்ற ஆளில்லைங்க அவன். மாமியா மூணு நாளா முருகனுக்கும் மாரியாத்தாளுக்கும் மாறி மாறி வேண்டுதலை வெச்சாங்க. டவுன்ல இருந்து பெரிய காரை வரச் சொல்லலாம்னாங்க. "என்ற வண்டி இருக்கறப்ப வாடகை வண்டியில போனா, நான் எதைத்தான் என்றதுன்னு சொல்லிப் பொண்ணு கேக்கறது?"ன்னு இவன் ஒத்தக்கால்ல நின்னுட்டான்.

பொறப்பட்டோம். கொழுந்தன் ஓட்டறான். பக்கத்துல அவனுக்குத் தாய்மாமன், ஆளு நெல்லுக் குதிராட்டம். பின்னால இந்தச் சேப்புச் சீட்டுல மாமனாரு, மாமியா, நான். என்ற மடியில பூ, பழம், வெத்தலைத் தட்டம். முட்டி காதுல இடிக்குது. மாமனாரு மூச்சு விட்டா நான் நிறுத்தோணும், நான் விட்டா அவரு நிறுத்தோணும். எங்க ஊட்டுக்காரருக்கு எடமில்லை, சைக்கிள்ல முன்னாலயே கெளம்பிட்டாரு. தார் ரோடு வரைக்கும் பொழப்பு ஓடுச்சு. பொண்ணு ஊட்டு இட்டேரிக்குத் திரும்புனமோ இல்லையோ, வண்டி வயிறு தரையில தட்டி நின்னுபோச்சு. எல்லாம் மாட்டு வண்டித் தடம். சக்கரம் போற எடம் பள்ளம், நடுவுல கரடு. துரைசானி ஊருல மாட்டு வண்டி இல்லைபோல, அவுங்க யாரும் இதை ரோசிக்கலை. மாமனாரையும் தாய்மாமனையும் எறக்கி விட்ட பொறகுதான் வண்டிக்கு வயிறு தூக்குச்சு. "நீங்க முன்னால போங்க, நாங்க வரப்புல நடந்து வந்தர்றோம்"னு தாய்மாமன் வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு.

பொண்ணு ஊடு கண்ணுக்குத் தெரியற தூரம் வந்ததும் மாமியா, "நிறுத்துடா"ன்னாங்க. அப்பத்தான் எனக்கும் ஒறைச்சுது. உள்ள அவன், மாமியா, நான். மூணு பேரு. நல்ல காரியத்துக்கு மூணு பேரா எங்க சனம் படியேறாதுங்க. ஏறுனாக் காரியம் ஆகாதுன்னு ஒரு கெட்டி நம்பிக்கை. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போனதப் பாத்த மாமியா, மூணாவதுக்கு மூணு பேரா எறங்குவாங்களா? நாலாவது ஆளு வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோணும். வரப்புல நடந்து வர்றவிங்க தலைகூடத் தெரியலை. சைக்கிள்ல முன்னால போன எங்காளு எந்தக் கள்ளுக்கடை நெழல்ல எளைப்பாறுனாருன்னு சாகற வரைக்கும் அவரு சொல்லலை.

அங்க பொண்ணு ஊட்டு வாசல்ல சனம் நிக்குது. புள்ளையோட அப்பன் கையப் பின்னால கட்டிட்டுப் பாக்கறாரு. நாங்க எறங்கலை. ஏன் எறங்கலைன்னு போய்ச் சொல்லவும் முடியாது, வாய் விட்டுச் சொன்னா அதுவே அபசகுனம். எறங்கறதா வேண்டாமான்னு வண்டிக்குள்ள உக்காந்து ரோசிக்கறாங்கன்னுதானே அவுங்க நெனப்பாங்க? சித்த நேரத்துல வாசல்ல ரெண்டு பேரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு உள்ள போயிட்டாங்க. கொழுந்தன் ஸ்டீரிங்கையே பாத்துட்டு உக்காந்திருந்தான். காது ரெண்டும் செவந்து போச்சு.

அப்பத்தான் வேலி மூலையில ஒரு புள்ள வந்துது. இடுப்புல தளும்பத் தளும்ப நெறைகொடம், தலை நெறைய மல்லி. "வண்டி சூடாயிருச்சுங்களா? தண்ணி ஊத்தோணுங்களா?"ன்னுது. நெறைகொடத்தைப் பாத்ததும் மாமியா கையெடுத்துக் கும்புட்டாங்க. எனக்குப் பத்தடி தூரத்துலயே தெரிஞ்சு போச்சு, போன மாரியம்மன் நோம்பியில நான் பாத்து வெச்ச பொண்ணேதான். மாமியாளும் கொழுந்தனும் அதுக்கு முன்ன பாத்ததில்லை. வாய மூடிட்டு வேடிக்கை பாப்போம்னு உக்காந்துட்டேன். எனக்கு அது வேலை.

இவன் எறங்கி முன்னால தெறந்து காட்டறான். புள்ள கொடத்தைச் சாய்க்கப் போயி நின்னுருச்சு. "எஞ்சினைக் காணமுங்க?"

"பின்னால இருக்குதுங்க."

"இந்த மாதிரி வண்டிய எந்த நாட்டுல ஆசைப்பட்டு வாங்குவாங்க?"

கேட்டுது பாருங்க ஒரு கேள்வி. அவனுக்குக் காது செவந்தது மறந்தே போச்சு. குறுகலான தெருவு, பெட்ரோலு வெலை, கடலுக்கு அக்கட்ட இருக்கற கப்பல் காரு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம ஒப்பிக்கறான். அது கொடத்தை எறக்கி வெச்சுட்டுக் கேக்குது. கேட்டுட்டு, "எங்க இட்டேரியும் குறுகல்தானுங்களே, இங்க ஏன் யாரும் வாங்கறதில்லை?"ன்னுது. என்ற இடுப்புல இருந்த கேள்விய அப்படியே உருவி எடுத்தாப்டி இருந்துதுங்க எனக்கு. பதிலைப் புள்ளையே சொல்லுச்சு. "அந்த நாட்டுல ஒரு காரியத்துக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோதான் போவாங்களாட்ட இருக்குதுங்க. பொண்ணு பாக்கக்கூட ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஒட்டுக்கா கெளம்ப மாட்டாங்களா?"

"பையனும் புள்ளையும் அவுங்களே பாத்துப் பேசிக்குவாங்களாமுங்க."

சொல்லிட்டு அவன் நிமுந்து பாத்தான். அதுவும் பாத்துது. இதுக்கு மேல விட்டா வெய்யிலு ஏறிரும்னு நான் தலைய வெளிய நீட்டுனேன். "அம்மிணி, நாங்க மூணு பேரா நிக்கறம். நாலாவதா ஒரு நாலடி எங்ககூட வர்றியா?" எங்க சனத்துப் புள்ள, அதுக்கு மேல வெளக்கஞ் சொல்ல வேண்டியதில்லை. கொடத்தைத் தூக்கி மடியில வெச்சுட்டு இதே சீட்டுல என்ற பக்கத்துல உக்காந்துருச்சு. "நாலு ஆச்சு, ஓட்டுடா"ன்னாங்க மாமியா. அவன் ஓட்டுனான். பாக்கப் போன பொண்ணையே ஏத்திட்டுப் பொண்ணு பாக்கப் போன வண்டி அந்தத் தாலூக்காவுல அது ஒண்ணுதான்.

வாசல்ல எறங்குனதும் பொம்பளைக எல்லாம் முந்தானையால வாயப் பொத்திட்டாங்க. புள்ளையோட அப்பன் பெரிய கோவக்காரருன்னு கேள்வி. மகளைப் பாத்தாரு, காரைப் பாத்தாரு, ஒரு சுத்து வந்தாரு. "வண்டி முழுசா வந்திருச்சுங்களா, மிச்சம் பின்னால வருதுங்களா?"ன்னாரு. ஒருத்தரும் சிரிக்கலை. மாமியாளுக்கு அப்பத்தான் தான் யாரை ஏத்திட்டு வந்தோம்னு வெளங்குச்சு, என்ற தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனாங்க பாருங்க, ஒரு வாரம் நீலமா இருந்துது.

கொழுந்தன் அசையலை. "மலைக்கு இதானுங்க வண்டி. கொண்டை ஊசி வளைவுல பெரிய காரு மூணு தடவை முன்னயும் பின்னயும் போகோணும். இது ஒரே மூச்சுல திரும்பும்."

அப்பன் மக பக்கம் திரும்புனாரு. "இதுல ஏறி அத்தனை தூரம் மலைக்குப் போவியா?"

"ஏறிப் பாத்துட்டனுங்கப்பா"ன்னுது அது, கொடத்தை எறக்காமயே.

அவரு துண்டை எடுத்துக் கட்டல்ல புழுதியத் தட்டி, "உக்காருங்க, மாப்பளை"ன்னாரு. மாப்பளைன்னு வாயில வந்துட்டா எங்க பக்கம் திருப்பி எடுக்க முடியாதுங்க. தாய்மாமனும் மாமனாரும் காலெல்லாம் சேத்தோட வந்து சேர்ந்தப்ப நாங்க ரெண்டாவது தடவை காப்பி குடிச்சிட்டிருந்தோம்.

கலியாணத்துக்கப்பறம் நான் பீர்மேட்டுக்குப் போனேன். அங்க அந்தக் காருக்கு இருந்த மதிப்பே வேற. லயத்துல, தோட்டத்துக்காரங்க கட்டிக் குடுத்த வரிசை ஊட்டுல, இருக்கற சனம், "அண்ணே, விக்கறப்ப என்கிட்டச் சொல்லுங்க"ன்னு வரிசை கட்டுது. அவுங்கெல்லாம் திருநவேலி, மருதைப் பக்கம் ஒறம்பரைய விட்டுப்போட்டு மலையேறுனவிங்க. ஏத்திட்டுப் போறதுக்குப் பெரியப்பனும் சின்னம்மாளும் பக்கத்துல இல்லை. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ரோடும் பெட்ரோலும் பாதிதான். கூட ஏற எத்தனை பேரு வாசல்ல நிக்கறாங்கங்கறதும் பாத்துத்தான் ஒரு நாடு தனக்குக் காரை அளக்குது.

இப்பப் பாருங்க, எங்க ஊருல ஊட்டுக்கு ஊடு சின்னக் காருதான். ஒரு கலியாணத்துக்கு முப்பது காரு வருது, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேரு. ஆசுபத்திரிக்கு என்னையக் கூட்டிட்டுப் போறப்ப பின்சீட்டுல நானும் என்ற மருந்துப் பையும்தான். காலை நீட்டிக்கலாம். நீட்டத்தான் மனசு வர மாட்டேங்குது.

கொழுந்தன் போய் ரெண்டு வருசமாச்சு. அவன் பொண்டாட்டி, என்ற ஓரகத்தி, மலைய விட்டு எறங்கி இங்க வந்துட்டா. பொழுதோட மோட்டாரைப் போட்டுட்டு ரெண்டு பேரும் இந்தச் சேப்புச் சீட்டுல உக்காருவோம். போன வாரம் நான் பெருமையடிச்சேன், "அன்னிக்கு யாரு என்னன்னு தெரியாம வந்து என்ற வலையில விழுந்தவதானே நீ?"ன்னு. அவ சிரிக்கறா. "ஏனுங்க நங்கையா, காருக்குத் தண்ணி ஊத்தறதுக்கு எவளாச்சும் தலை நெறைய மல்லி வெச்சுட்டு வருவாளா? வண்டியில மூணு தலைன்னு ஊட்டுக்குள்ள இருந்தே எண்ணிட்டுத்தான் வந்தேன். எங்கப்பன் கதவச் சாத்தச் சொல்லிட்டாரு. உங்க மாமியா சகுனம் பாக்கறவிங்கன்னு கேள்விப்பட்டுத்தான் கொடத்தை நெறைச்சுத் தூக்குனேன்"ங்கறா.

அத்தனை வருசம் நான் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச கதையில ஏமாந்தவ நானாயிட்டனுங்க. அவ என்ற பக்கம் சாஞ்சு உக்காந்தா. முட்டியில முட்டி இடிக்குது, மறுபக்கம் கோழி அசையாம உக்காந்திருக்குது. ரெண்டு பேருக்குன்னு அந்த நாட்டுக்காரன் அளந்து வெச்ச சீட்டு. சரியாத்தான் அளந்திருக்கானுங்க.