நாலு காய் சேர்த்து வைத்த ஆட்டம்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு முந்தின வருஷம். புயலைச் சொன்னால்தான் எனக்கு வருஷம் பிடிபடும். பள்ளிக்கூடம் போனவனா நான்? நேற்று சலூனில் முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தேன். டிவியில் செஸ் ஆட்டம். பழசு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், கத்தி கன்னத்தைக் கீறிவிட்டது.

அந்த வருஷம் தங்கச்சிமடத்தில் சூசை சம்மாட்டிக்குச் சொந்தமான வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை எனக்கு. தகர டப்பாவால் இறைத்து இறைத்து இடுப்பே போயிற்று. சுக்கான் பிடிக்கிற இடம் காலியாக இருந்தது. கரையில் காற்றுக்குக் காத்திருக்கும் நேரத்தில், பலகையில் கரிக்கோடு போட்டுச் சதுரங்கம் ஆடுவோம். அதில் என்னை அடிக்க ஆளில்லை, சம்மாட்டியே தோற்றிருக்கிறார். இராமநாதபுரத்தில் போட்டி என்றதும் அவர்தான் கிளப்பிவிட்டார்.

"ஏலே, ஒரு ஆட்டமாச்சும் ஜெயிச்சிட்டு வா, சுக்கான் ஒனக்கு. தோத்தா டப்பாதான்."

ரயிலேறிப் போனேன். போட்டிப் பலகையில் எனக்கு எதிரே ஒரு வக்கீல் குமாஸ்தா, வாய் நிறைய வெற்றிலை. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரேயடியாக இரண்டு கட்டம் தள்ளினார். எங்கள் பலகையில் சிப்பாய் ஒரு கட்டம்தான் நடக்கும்.

"அதெப்படிங்க ரெண்டு?"

"மொதத் தடவ ரெண்டு போகலாம் தம்பி," என்றார் நடுவராக இருந்த வாத்தியார்.

நல்ல சட்டமாக இருக்கிறதே என்று நானும் இரண்டிரண்டாகத் தள்ளினேன். ஒன்றை இல்லை, நாலு சிப்பாய்களை. எங்கள் கரையில் தொடக்கத்தில் ஆளுக்கு நாலு காயை ஒரே தடவையில் சேர்த்து நகர்த்தி வைப்பதுதான் வழக்கம். காற்று எழும்பினால் பாதியில் ஓடவேண்டுமே, அந்த அவசரம்.

குமாஸ்தா மெல்லுவதை நிறுத்தினார். "என்ன தம்பி, ஊரோட கெளம்பிட்டீக?"

வாத்தியார் மூன்றைப் பழைய இடத்தில் வைத்தார். நான் முதலில் தொட்ட, என் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய் மட்டும் நின்றது. குமாஸ்தா அதன் வாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு சிப்பாயைக் கொண்டுவந்து வைத்தார். காவலே கிடையாது. பாவம், கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று வெட்டினேன். திறந்த வழியில் அவருடைய குதிரையும் யானையும் வந்து இறங்கின. வெற்றிலையைத் துப்ப அவர் எழுந்திருப்பதற்குள் என் ராஜா செத்திருந்தார்.

மறுநாள் கரையில் சம்மாட்டி கேட்டார், "என்னலே ஆச்சு?"

"ஒரு சிப்பாயச் சும்மா குடுத்தான் சம்மாட்டி. எடுத்தேன்."

"தூண்டில்ல நீ குத்துற எறாலையும் மீனு சும்மான்னுதாம்லே நெனைக்கிது." தகர டப்பாவைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

இப்போது வள்ளத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. காற்றுக்குக் காத்திருப்பாரில்லை, நாலு காய் சேர்த்து வைப்பாருமில்லை. அப்படி ஒரு ஆட்டம் எங்கள் கரையில் இருந்தது என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் ஜெயித்ததாகச் சொன்னாலும் குற்றமில்லை. மறுத்துச் சொல்லச் சம்மாட்டி இப்போது இல்லை.