தோட்டின் தண்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூரில் பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். விமான உதிரிபாகங்களின் விளிம்பில் நிற்கும் பிசிரை அரத்தால் எடுப்பது என் வேலை. அப்போதுதான் எனக்கு நிச்சயமானது. வருங்கால மாமியார் தன் கையாலேயே எனக்குத் தங்கத் தோடு போட்டுவிட்டார். சிறு வயதிலிருந்தே எந்த நகை போட்டாலும் என் காது புண்ணாகிவிடும். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். அதைப் பார்த்த வெல்டர், ஒரு சீனர், மிச்சமாகிக் கிடந்த மெல்லிய டைட்டானியம் கம்பித் துண்டுகளைக் காட்டி, “அம்பில் லா” என்றார். மலாயில் எடுத்துக்கொள் என்று அர்த்தம். டாக்டர்கள் எலும்புக்குள்ளேயே வைக்கிற உலோகமாம்.

வளைத்தால் அது பாதி நிமிர்ந்துகொள்ளும். வேண்டியதைவிடக் கூடுதலாக வளைத்துவிட்டால்தான் நினைத்த இடத்தில் வந்து நிற்கும். இரண்டு கொக்கிகள் செய்து, முனையை உருட்டி அராவிப் போட்டுக்கொண்டேன். சில நாளில் புண் காய்ந்தது.

தோட்டை அதில் பற்றவைக்க முடியுமா என்று சிராங்கூன் சாலையில் ஒரு தட்டாரிடம் கேட்டேன்.

“இது ஒட்டாதும்மா. தோட்டுத் தண்ட வெட்டிட்டு வளையம் வச்சா, கொக்கியில தொங்கவிடலாம். ஆனா நிச்சயத்துத் தோடு. மாமியார்கிட்ட கேட்டுட்டு வாங்க.”

பிடோக்கில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். காது என்னுடையது, தோடு அவர் ஆசையாகப் போட்டது. அதை வெட்டலாமா என்று கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

“நான் போட்டத வெட்டப் போறியா?” என்றார் அத்தை.

“போட்டா சீழ் வைக்குது, அத்தை.”

“அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் லா!”

நான் கழற்றிக் கொடுத்த கொக்கியை வாங்கிப் பார்த்தார். “தகரமாட்டம் இருக்கு. மணவறையில தங்கக் கலர்ல இருக்க வேணாமா?”

“நெருப்புல காட்டினா கலர் வரும்.”

நானே போய் அவர் அடுப்பைப் பற்றவைத்தேன். இடுக்கியில் பிடித்துக் காட்டியதும் சாம்பல் நிறம் மெல்ல மஞ்சளானது. எடுக்கப் போனேன்.

“இரு, இன்னும் கொஞ்சம் மஞ்சளாகட்டும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அது ஊதாவாகிவிட்டது. சட்டென்று அடுப்பை அணைத்தேன். “தேய்ச்சுட்டு மறுபடி காட்டலாம், அத்தை.”

ஆறிய கொக்கியை என் காதருகே வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“தேய்க்காத. கூறைப் புடவைக்கு எடுப்பா இருக்கும். மத்ததையும் இப்படியே காட்டு.”

மறுநாள் தட்டார் தண்டை வெட்டும்போது அத்தையும் கூட வந்திருந்தார். “பாத்து வெட்டுங்க, தோட்டுல கீறல் விழுந்துடப் போவுது” என்று அவரைத்தான் அதட்டிக்கொண்டிருந்தார்.